பறவைப் பெட்டிக்குள் பம்பிள்பீ கூடு, அழிக்காமல் இடம் மாற்றுவது எப்படி? (அவசரம்)

கத்தரித்தோட்டம்
வணக்கம். பின்சுவரில் மாட்டியிருக்கும் பறவைப் பெட்டிக்குள் பம்பிள்பீ (ரோமம் அடர்ந்த குண்டுத் தேனீ வகை) குடியேறிவிட்டது. பெட்டி வாசலில் எந்நேரமும் ஒரு கூட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நாளுக்கு நாள் கூடுகிறது. பூச்சி ஒழிப்பவர் பத்து நிமிட வேலை என்கிறார். மகள் அழுகிறாள், எனக்கும் கொல்ல மனமில்லை. சனிக்கிழமைக்குள் இடம் மாற்ற வேண்டும். விரைவாகச் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை
கடந்தையாக (பெரிய குளவி) இருந்தால் கிட்டவே போகாதீர்கள். எங்கள் ஊரில் பனையில் கட்டினால் தீயணைப்பு நிலையத்துக்குத்தான் சொல்வோம். இரவில் வந்து அகற்றுவார்கள்.

மண்வெட்டி
எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பம்பிள்பீ கிடையாது. அங்கே என்றால் நீங்கள் பார்ப்பது வேறு ஏதோ ஒன்று.

சமையற்கட்டு
பூண்டை அரைத்து நீரில் கலந்து வாசலில் தெளியுங்கள். வாடை தாங்காமல் தாமாகவே போய்விடும். எறும்புக்கு நான் இதைத்தான் செய்கிறேன்.

முதுவேனில்
கேள்வியில் நாடு இல்லை, நிறம் இல்லை, உயரம் இல்லை, சனிக்கிழமை என்ன விசேஷம் என்பதும் இல்லை. ஜோசியம் பார்க்கும் இழை வேறு பக்கத்தில் இருக்கிறது, அங்கே கேட்கலாம்.
சமையற்கட்டு, பம்பிள்பீ தேனீயைப் போலக் கூட்டமாகக் கிளம்பி வேறு வீடு தேடாது. உள்ளே குஞ்சு இருக்கும்வரை கூட்டை விட்டுப் போகாது. பூண்டை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தரித்தோட்டம்
லண்டன், ஹேரோ. முதுகு செங்கபிலம், வயிறு கறுப்பு, நுனி வெள்ளை. ஏணி வைத்தால்தான் பெட்டி எட்டும். சனிக்கிழமை சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார்.

மண்வெட்டி
அப்படியென்றால் மரப் பம்பிள்பீ, பாம்பஸ் ஹிப்னோரம். பறவைப் பெட்டி, கூரை இடுக்கு இரண்டும் அதற்கு மிகவும் பிடித்த இடங்கள்.
வாசலில் சுற்றுபவை ஆண்கள். புதிய ராணிகள் வெளியே வரட்டும் என்று காத்திருக்கின்றன. ஆண்களுக்குக் கொடுக்கே கிடையாது. அந்தக் கூட்டம் கூடுகிறது என்றால் கூட்டின் ஆயுள் முடியப்போகிறது என்று பொருள். பழைய ராணியும் வேலைக்காரத் தேனீக்களும் இந்தக் கோடையைத் தாண்டா. புதிய ராணிகள் மட்டும் இணைசேர்ந்து, மண்ணுக்குள் புகுந்து குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும். ஜூலை கடைசியில் பெட்டி பெரும்பாலும் காலியாகிவிடும். பெயின்டரிடம் அந்த ஒரு சுவரை மட்டும் ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்ல முடியாதா?

தேன்குடம்
நான் தேனீ வளர்ப்பவன். ஒரே விதிதான்: மூன்று அடிக்குள் நகர்த்து, அல்லது மூன்று மைலுக்கு அப்பால் கொண்டு போ. இடைப்பட்ட தூரத்தில் வைத்தால் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பும். தூக்கும்முன் நன்றாகப் புகை போடுங்கள், அடங்கிவிடும்.

முதுவேனில்
புகையா? தேனீப் பெட்டிக்குப் போடும் புகையைப் பம்பிள்பீ கூட்டுக்குப் போட்டால் கோபம்தான் வரும். மூச்சுக்காற்று பட்டாலே சீறும் இனம் இது. அந்த மூன்று மைல் கணக்கும் தேனீக்குச் சொன்னது. பம்பிள்பீ ஆய்வாளர்கள் டேவ் கௌல்சனும் ஜேன் ஸ்டௌட்டும் 2001-இல் நிலப் பம்பிள்பீக்களைப் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். 9.8 கிலோமீட்டரிலிருந்துகூடத் திரும்பி வந்தவை உண்டு. இதையெல்லாம் படிக்காமல் விதி சொல்லக் கூடாது.

தேன்குடம்
வழிதேடித் திரும்பியவை சில. கூட்டோடு கொண்டுபோனால் கதை வேறு. ஐயா படித்ததோடு நிற்காமல் ஒருமுறை பெட்டியைத் தூக்கியும் பார்க்கலாம்.

ரைன்கரை
நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே எல்லாப் பம்பிள்பீக்களும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கூட்டை அழித்தால் அபராதம். இடம் மாற்றுவதற்கே இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்க வேண்டும். அக்கா, கையை வைக்கும்முன் அனுமதி வாங்குங்கள்.

மண்வெட்டி
ஹேரோவுக்கு ஜெர்மன் சட்டம் எதற்கு? பிரிட்டனில் பம்பிள்பீ கூட்டை அழிக்கத் தடை இல்லை, நகர்த்தவும் அனுமதி தேவையில்லை. பறவை கட்டிக்கொண்டிருக்கும் கூடோ, பயன்பாட்டில் உள்ள பறவைக் கூடோ என்றால்தான் 1981 வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும்.

கிழக்குவாசல்
பறவைக்குச் சட்டம் உண்டு என்கிறீர்களே, போன வருடம் எங்கள் பெட்டியில் கூடு கட்டத் தொடங்கிய நீலச் சிட்டை விரட்டியது இதே இனம்தான். உள்ளூர்ப் பூச்சியும் இல்லை, 2001-இல்தான் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கண்டார்கள். வந்தேறிக்கு இவ்வளவு பரிவா?

பூவரசு
2001-இல் வந்தது வந்தேறி என்றால் 1999-இல் வந்த நான் யார்? தாங்கள் எந்த வருடம்?
இதை யாரும் பெட்டியில் அடைத்து இறக்குமதி செய்யவில்லை. ஐரோப்பாவிலிருந்து தானே கடல் தாண்டி வந்து, தானே வடக்கே ஸ்காட்லாந்துவரை போய்விட்டது.

கிழக்குவாசல்
நான் விசாவோடு வந்தேன்.

ரைன்கரை
நீலச் சிட்டிடம் யார் விசா கேட்டார்கள்?

முதுவேனில்
இழையின் தலைப்பு குடியேற்றச் சட்டம் அல்ல.

கத்தரித்தோட்டம்
பெயின்டருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, தேதியை மாற்ற வழியில்லை. யாராவது செய்முறை சொல்லுங்கள்.

பூவரசு
அக்கா, முதலில் ஒன்று: வீட்டில் யாருக்காவது கொட்டினால் மூச்சடைக்கும் ஒவ்வாமை இருக்கிறதா? இருந்தால் இதை மறந்துவிட்டு, பெயின்டரின் முன்பணத்தையும் மறந்துவிடுங்கள். பம்பிள்பீயின் கொடுக்கில் முள் இல்லை, ஒரே பூச்சி திரும்பத் திரும்பக் கொட்டும்.

இல்லையென்றால் கேளுங்கள். நன்றாக இருட்டியபின், பறப்பது எதுவும் இல்லாதபோது போங்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள், சிவப்பு அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. தடித்த சட்டை, கையுறை, காற்சட்டை நுனி காலுறைக்குள். துவாரத்தைப் பஞ்சு போன்ற எதையாவது வைத்து அடையுங்கள், காற்றுப் புக வேண்டும். மூடி இடுக்கிலும் ஒட்டுநாடா ஒட்டுங்கள். இந்த இனத்துக்கு அதிர்வு ஆகவே ஆகாது. ஏணியைச் சுவரில் இடிக்காதீர்கள், ஆணியைத் தட்டாதீர்கள், திருகாணியை மெதுவாகக் கழற்றுங்கள். பெட்டியைச் சரிக்கக் கூடாது. உள்ளே இருப்பது சின்னச் சின்ன மெழுகுக் கிண்ணங்கள், சரிந்தால் குஞ்சின் மேல் தேன் கொட்டிவிடும்.

உங்கள் தோட்டத்திலேயே மறுமூலையில் வைத்தால் மேயப் போனவை பழைய சுவரைத்தான் சுற்றும், பெயின்டர் பாவம். சில கிலோமீட்டர் தள்ளித் தெரிந்தவர் தோட்டம் இருந்தால் அதே உயரத்தில், வெயில் நேராக விழாத பக்கத்தில் மாட்டுங்கள். கடைசியாகப் பஞ்சை எடுத்துவிட்டு உடனே விலகுங்கள். ஆண்கள் பலவும் இரவில் வெளியேதான் தங்கும், மறுநாள் பழைய சுவருக்கு வரும். அவற்றால் ஆபத்து இல்லை, பெயின்டரிடம் சொல்லிவையுங்கள்.

நகர்த்தினால் எப்போதும் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். இருக்கிற இடத்தில் விடுவதுதான் நல்லது. ஆனால் நஞ்சடிப்பதைவிட இது மேல்.

நெல்லைச்சீமை
உள்ளே தேன் எவ்வளவு கிடைக்கும்?

தேன்குடம்
இரண்டு கரண்டி இருந்தால் அதிகம். மழை நாளுக்கு அவை வைத்திருப்பது. கை வைக்காதீர்கள்.

முதுவேனில்
பூவரசு சொன்னது பெரும்பாலும் சரி. நானே எழுதவிருந்தேன்.

கத்தரித்தோட்டம்
வெள்ளி இரவு வாட்ஃபோர்டில் தம்பி வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். கணவருக்கு மணிக்கட்டில் ஒரு கொட்டு. காலையில் உள்ளே போய் வருகின்றன என்று தம்பி சொன்னான். பெயின்டர் மழை என்று வரவில்லை. எல்லோருக்கும் நன்றி.

மண்வெட்டி
போய் வருகின்றவை மகரந்தம் கொண்டு வருகின்றனவா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னங்காலில் மஞ்சள் உருண்டை தெரிந்தால் குஞ்சுக்கு இன்னும் ஊட்டுகின்றன என்று அர்த்தம்.

பூவரசு
அக்கா, கணவருக்கு வீக்கம் வற்றியதா?

கிழக்குவாசல்
என் பெட்டியில் போன வருடத்துப் பழைய கூடு அப்படியே கிடக்கிறது. இந்த வருடம் எதுவும் வரவில்லை. எடுத்துப் போட்டுவிடலாமா?

மண்வெட்டி
தாராளமாக. உள்ளே எதுவும் உயிரோடு இருக்காது, மெழுகு அந்துப்பூச்சியின் வலை வேண்டுமானால் இருக்கும். சுரண்டி எடுத்துவிட்டுக் கொதிநீர் ஊற்றிக் காயவைத்து மாட்டுங்கள். வசந்தத்தில் உங்கள் நீலச் சிட்டு வந்தாலும் வரும்.