ஊற்றுப்பேனா உறுப்புகள்: மையூட்டியா, நாக்கா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அடுத்த பேனாக் கூடலில் வைக்கப்போகும் மேசை அட்டைகளையும், பேனாவைப் பிரித்துக் காட்டும் பெரிய படத்தையும் முழுக்கத் தமிழில் போடுவது என்று முடிவாகிவிட்டது. மூடி, உடல், கழுத்து, நிப்பு வரைக்கும் சிக்கலே இல்லை. நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் அந்தக் கறுப்புத் துண்டு இருக்கிறதே, ஃபீட், அதற்கு வந்ததும்தான் பேச்சு நீண்டுவிட்டது. மையூட்டி, மைவழி, மைத்தாரை, நாக்கு என்று நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. பெரும்பாலோர் மையூட்டிக்குக் கை தூக்கியிருக்கிறீர்கள். நான் நாக்கின் பக்கம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் பெயரைப் பற்றிப் பேச முடியாது.

மையூட்டி என்றதுமே மையைக் கொண்டுவந்து கொடுக்கும் பொருள் என்று மனதில் பதிகிறது. அது அதன் வேலையில் பாதிதான். தண்ணீர் நிறைந்த பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தண்ணீர் ஒரே சீராக வராது. கொஞ்சம் தண்ணீர் வெளியே வரும், களக் என்று கொஞ்சம் காற்று உள்ளே போகும், மறுபடி தண்ணீர். பேனாவிலும் இதே கணக்குதான். மை வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகாவிட்டால் எழுத்து காய்ந்து நின்றுவிடும். காற்று மொத்தமாகப் போனாலோ தாளில் ஒரு பெரிய சொட்டு விழும். மையை இறக்கும்போதே அதற்கு ஈடான காற்றைச் சிறிது சிறிதாக ஏற்றி, மிச்ச மையை விழாமல் பிடித்து வைப்பதுதான் இந்தத் துண்டின் திறமை.

அடுத்த கூடலில் யாராவது நிப்பையும் ஃபீடையும் கழற்றிக் கழுவும்போது, அதை வாங்கி உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துப் பாருங்கள். மேல்பக்கத்தில், நிப்பு படியும் இடத்தில், நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தின் தரையில் மயிரிழை அளவுக்கு ஒன்றிரண்டு கீறல்கள் தெரியும். மை அந்தக் கீறல்களில் நுண்புழை ஏற்றத்தால், அதாவது மெல்லிய இடுக்கில் நீர்மம் தானே ஏறும் இயல்பால், இழுக்கப்பட்டு நுனிக்கு வருகிறது. மேலே இருக்கும் அகலமான பள்ளத்தில் காற்று எதிர்த்திசையில் உள்ளே போகிறது. ஒரே தடத்தில் இரண்டு போக்குவரத்து. லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை வாங்கியது இந்தக் கீறல் வைத்த ஃபீடுக்குத்தான். உள்ளேயே மை வைத்திருக்கும் பேனா அதற்கு முன்பே உண்டு. பெட்ராக்கே பொயெனாரு 1827-இலேயே பிரான்சில் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மையைச் சேர்த்து வைப்பது பெரிய காரியமாக இல்லை, அதை அடக்கி வைப்பதுதான் இழுத்தடித்தது.

இப்போது சொல்லுங்கள், அடக்கி வைக்கும் ஒன்றுக்கு ‘ஊட்டி’ என்று பெயர் வைக்கலாமா? முதல்முறை கூடலுக்கு வருபவர் படத்தில் மையூட்டி என்று படிப்பார். அப்புறம் பேனா கசியும்போது “ஊட்டுவது கூடிப்போச்சு” என்றுதான் நினைப்பார். பெரும்பாலும் நடப்பது வேறு. மை பாதிக்குக் கீழே இறங்கிய பேனாவைக் கையில் பிடித்து நெடுநேரம் எழுதினால், உள்ளே இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளும். சொட்டுக்குழாயால் நேராக உடலிலேயே மை நிரப்பும் பேனாக்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். அப்படித் தள்ளப்பட்ட மையைத் தாங்கத்தான் ஃபீடின் அடிப்பக்கத்தில் அடுக்கடுக்காகத் தகடுகள் வெட்டியிருக்கிறார்கள். பார்க்கர் 51-இல், அது 1941-இல் விற்பனைக்கு வந்தது, இந்தத் தகடுகளுக்கென்றே கழுத்துக்குள் தனி உறுப்பு ஒன்றை வைத்துவிட்டார்கள்.

ஆங்கிலத்தைப் பார்த்து இந்தத் தகடுகளுக்குத் ‘துடுப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். துடுப்பு தள்ளும், இது தாங்கும். நான் ‘செவுள்’ என்பேன். நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள், இடையில் இடைவெளி, அதில் நீர்மம் நிற்பது, மூன்றுமே பொருந்துகின்றன. ‘நாக்கின் செவுள்’ என்று சேர்த்துச் சொன்னால் உடற்கூறு குழம்புகிறது என்று உயிரியல் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும், மணிக்கும் நாக்கு இருக்கிறது.

பிற மொழிக்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஜெர்மானியர்கள் மைகடத்தி என்ற பொருளில் டின்டென்லைட்டர் என்கிறார்கள். ஜப்பானியர்கள் பேனாவின் நடுத்தண்டு என்ற பொருளில் பென்ஷின் என்கிறார்கள். ஒருவர் வேலையைப் பார்த்தார், இன்னொருவர் இருக்கும் இடத்தைப் பார்த்தார். நாம் வடிவத்தைப் பார்க்கலாம் என்பதுதான் என் கருத்து. நிப்பை எடுத்துவிட்டால் கழுத்திலிருந்து நீண்டு, நுனி மெலிந்து, நடுவில் பள்ளம் ஓடித் தெரிவது நாக்கேதான். பேனா பழுது பார்ப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நாக்கு என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். புழக்கத்தில் ஏற்கெனவே ஒரு சொல் நடமாடும்போது அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆக்குவதில் எனக்கு மனமில்லை.

கலைச்சொல் குட்டி போட வேண்டும் என்பது என் இன்னொரு எதிர்பார்ப்பு. எபனைட் (கெட்டி ரப்பர்) நாக்கு, பிளாஸ்டிக் நாக்கு என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்கிறது. எபனைட் நாக்கை வெந்நீரில் இளக்கி நிப்போடு அழுத்தி நெருங்கப் படியவைக்கும் வேலைக்கு ‘நாக்குப் படிவு’ என்று ஒரு சொல் உடனே கிடைத்துவிடுகிறது. மையூட்டியை வைத்து இதையெல்லாம் சொன்னால் அட்டையில் இடம் போதாது.

வேலையை வைத்தோ பொருளை வைத்தோ பெயரிட்டால் பின்னாளில் பொய்யாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. நிப்பின் நுனியில் உருட்டி ஒட்டியிருக்கும் கெட்டி உலோக மணியை எல்லோரும் இரிடியம் என்கிறோம். இன்றைய நுனிகள் பலவற்றில் இரிடியம் பெயருக்குக்கூட இல்லை, வேறு கடின உலோகக் கலவைகள்தான். ஆனாலும் நிப்பிலேயே அந்தச் சொல்லைப் பொறித்து விற்கிறார்கள். அட்டையில் இதை ‘நுனிமணி’ என்று போடுவோம். எந்த உலோகம் வந்தாலும் மணி மணிதான்.

இதற்கு எதிராக ஒரு நல்ல கேள்வி வந்தது: ‘பேனா’ என்பதே போர்த்துக்கீசியத்தில் இறகுதானே, இறகு போய் எவ்வளவோ காலமாகியும் அந்தச் சொல் நிற்கவில்லையா என்று. நிற்கிறது. ஆனால் பேனா என்று சொல்லும்போது தமிழ்க் காதுக்கு இறகு கேட்பதில்லை. பேனாவுக்குத் தனித்தமிழாகச் சிலர் சொல்லும் ‘தூவல்’ என்று சொன்னால் இறகு கேட்கிறது. நாம் ஆக்கும் தமிழ்ச் சொல்லில் பொருள் உரக்கக் கேட்கும், அதனால் அந்தப் பொருள் சரியாக இருக்க வேண்டும் என்று கூடுதலாகவே கவலைப்படுகிறேன்.

இதே காரணத்தால்தான் நிப்பின் நடுவில் இருக்கும் ஓட்டைக்கு ‘மூச்சுத்துளை’ வேண்டாம் என்கிறேன். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றுப் போக்குவரத்தின் பெரும்பகுதி நாக்கின் பள்ளம் வழியாகவே நடக்கிறது. இந்த ஓட்டையே இல்லாத நிப்புகளும் நன்றாக எழுதுகின்றன. நிப்பைப் பிளக்கும் வெட்டு வந்து முடிய ஓர் இடம் தருவதும், அந்த முனையிலிருந்து தகடு மேலும் விரிசல் விடாமல் காப்பதும் இந்த ஓட்டையின் முக்கியப் பயன்கள். ‘கண்’ என்றால் போதும். நிப்புக்கண். தேங்காய்க்கும் கண்தான்.

அந்த வெட்டுக்கு ‘பிளவு’. அதன் இரு பக்கமும் நிற்கும் டைன்களுக்கு ‘கவை’. அலகு என்ற பரிந்துரையும் அழகானதுதான், ஆனால் அளவை அலகோடு மோதும். “இடது கவை மேலேறியிருக்கு, அதான் கீறுது” என்று ஒருவர் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டே சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்குப் புரிகிறதா? எனக்குப் புரிகிறது. நிப்பு, மையை உறிஞ்சி நிரப்பும் கன்வெர்ட்டர் இரண்டின் பெயரையும் அப்படியே விட்டுவிடலாம். நிப்புக்கு முள், கூர் என்றெல்லாம் தேட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

மைக்கான சொற்களில் தாளில் இழை இழையாகப் பரவுவதற்கு ‘ஊறல்’. மை ஊறுது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். மறுபக்கம் வரை இறங்குவதற்கு ‘ஊடிறக்கம்’ என்று வைத்துப் பார்க்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஒன்று கிடைத்தால் மாற்றிவிடலாம்.

என்னால் முடிக்க முடியாமல் நிற்பது ஷேடிங், ஷீன், ஷிம்மர் என்ற மூன்றும். எல்லாவற்றுக்கும் மினுமினுப்பு என்று போட்டால் அட்டை வீண். ஷேடிங் என்பது ஒரே கோட்டுக்குள் மை ஓர் இடத்தில் வெளுத்து, கோடு முடியும் இடத்தில் தேங்கி அடர்ந்து தெரிவது. ‘அடர்வேற்றம்’ என்கிறேன், முழுத் திருப்தி இல்லை. ஷிம்மர் என்பது மையிலேயே கலந்திருக்கும் மின்னும் தூள், அதை ‘மினுக்குத்தூள் மை’ என்று நேராகவே சொல்லிவிடலாம். ஷீன்தான் கஷ்டம். நீல மையில் எழுதுகிறோம், தாள் சட்டென்று உறிஞ்சாத வகையாக இருந்தால் சாயம் மேற்பரப்பிலேயே படலமாகக் காய்கிறது, தாளைச் சாய்த்தால் அதே எழுத்தில் சிவப்பு ஒளிர்கிறது. தூள் எதுவும் இல்லை, சாயத்தின் படலமே வேறு நிறத்தைத் திருப்பி அனுப்புகிறது. ‘மிளிர்வு’ என்று ஒருவர் தந்தார். அதில் இரண்டாவது நிறம் வரவில்லை. ‘மாறொளி’ என்று என் பங்குக்கு ஒன்றை வைக்கிறேன். சாய்த்தால் மாறும் ஒளி. இதைவிட இயல்பான சொல் நெசவிலோ சாயப்பட்டறையிலோ புழங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தத் தொழிலோடு உறவுள்ளவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொன்னால் பெரிய உதவி.

படம் வரைபவர் உறுப்புப் பெயர்களை மட்டும் முதலில் கேட்கிறார். ஆகவே நாக்கு, செவுள், கண், பிளவு, கவை, நுனிமணி ஆறையும் அவருக்கு அனுப்பலாமா? மையூட்டியே வேண்டும் என்பவர்கள், காற்றை உள்ளே விடும் பாதி வேலைக்கு அந்தச் சொல் எப்படி இடம் கொடுக்கிறது என்று எழுதுங்கள். பதில் பொருந்தினால் நான் மாறத் தயார். மைக்கான அட்டைகள் பிறகுதான் அச்சுக்குப் போகின்றன, மாறொளியை அதுவரை உரசிப் பார்க்கலாம்.

அன்புடன்.