மின்தடைக்குப் பிறகு தராசு நிரல் தானாகத் தொடங்கவில்லை: சிஸ்டம்டி பற்றிய ஐயம்

செம்பனைக்காடு எழுதியது:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனைக் குலை நிறுக்கும் கொட்டகை ஒன்றில், தராசிலிருந்து யூஎஸ்பி வழியாக வரும் எடையைப் பதிவு செய்யும் பைத்தான் நிரலை டெபியன் லினக்ஸ் கணினியில் ஓட்டி வருகிறேன். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய்த் திரும்பும் போதெல்லாம் யாராவது அதைக் கையால் தொடங்க வேண்டியிருப்பதால், பழைய ஷெல் ஸ்கிரிப்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதை அழைக்கும் சர்வீஸ் கோப்பு ஒன்றை, கணினி தொடங்கும்போது நிரல்களை இயக்கிக் கண்காணிக்கும் சிஸ்டம்டிக்காக எழுதினேன். ஸ்கிரிப்டின் கடைசி வரி, நிரலைப் பின்னணிக்கு அனுப்பும் ஆம்பர்சண்ட் (&) குறியோடு முடிகிறது. கையால் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. சர்வீஸாகத் தொடங்கினால் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் உடனே நின்றுவிடுகிறது. எங்கே தவறினேன்?

பழைய கிராணி எழுதியது:
அந்தக் குறிதான் காரணம், தம்பி. சர்வீஸ் கோப்பில் டைப் வரியை எழுதாவிட்டால் சிஸ்டம்டி அதைச் சிம்பிள் என்று எடுத்துக்கொண்டு, தான் தொடங்கிய ஷெல்லையே முதன்மைச் செயலாகக் கருதும். ஷெல் உங்கள் நிரலைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டு வெளியேறியதும், சர்வீஸே முடிந்துவிட்டது என்று கணக்கிட்டு, அதே சிகுரூப்பில், அதாவது அந்த சர்வீஸின் செயல்களை ஒன்றாகக் கட்டும் குழுவில், எஞ்சியிருக்கும் பைத்தானையும் சேர்த்து நிறுத்திவிடும். ஷெல் முறையாகவே முடிந்ததால் பிழை என்று எதுவும் பதிவாகாது. டைப்பை ஃபோர்க்கிங் என்று மாற்றிப் பாருங்கள்.

ஈப்போ சர்வர் எழுதியது:
அண்ணன் கண்டறிந்த காரணம் சரி. சொன்ன மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஃபோர்க்கிங் என்பது தாமாகவே பின்னணிக்குச் செல்லும் பழைய டீமன்களுக்கானது, அதாவது பின்னணியிலேயே ஓடும் நிரல்களுக்கானது. செயலின் அடையாள எண்ணைக் குறித்துவைக்கும் பிஐடி கோப்பு இல்லாவிட்டால் முதன்மைச் செயல் எது என்று சிஸ்டம்டி ஊகிக்க நேரும். டெபியன் 8ஆம் பதிப்பிலேயே, அதாவது 2015இலேயே, சிஸ்டம்டி இயல்பிருப்பாகிவிட்டது. இன்னும் அந்த ஸ்கிரிப்டைச் சுமப்பானேன்? எக்செக்ஸ்டார்ட் வரியில் பைத்தானின் முழுப் பாதையையும் நிரலின் முழுப் பாதையையும் நேரடியாக எழுதுங்கள். ஸ்கிரிப்ட் இருந்தே தீர வேண்டுமென்றால், குறியை நீக்கிவிட்டுக் கடைசிக் கட்டளைக்கு முன்னால் எக்செக் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்; அப்போது ஷெல்லின் இடத்தை நிரலே எடுத்துக்கொள்ளும். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக ஓட்டாமல் தனிப் பயனரை அமைத்து, தராசின் சீரியல் போர்ட்டைத் திறக்க அவரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிடுங்கள்.

செம்பனைக்காடு எழுதியது:
ஸ்கிரிப்டை எடுத்துவிட்டேன், இப்போது நிற்காமல் ஓடுகிறது. ஆனால், மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுச் சோதித்தபோது, ரீஸ்டார்ட் ஆல்வேஸ் என்று எழுதியிருந்தும் சில முறை முயன்றுவிட்டுக் கைவிட்டது. தராசு தயாராக ஏறக்குறைய அரை நிமிடம் ஆகிறது.

ஈப்போ சர்வர் எழுதியது:
இயல்பாக ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே 100 மில்லிவிநாடிதான் காத்திருக்கும். 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கிவிட்டால், அதற்கு மேல் சிஸ்டம்டி அனுமதிக்காது. தராசு விழிப்பதற்குள் அந்த ஐந்தும் தீர்ந்துவிடுகின்றன. ரீஸ்டார்ட்செக் 5 என்று ஒரு வரி சேர்த்தால் அந்த வரம்பை எட்டவே எட்டாது. தராசு வரும்வரை முயன்றுகொண்டே இருக்கும். கோப்பைத் திருத்தியதும், சிஸ்டம்டி அதை மீண்டும் படிப்பதற்காக டீமன்-ரீலோட் கட்டளையை இடுங்கள். அதை மறந்து ஒரு மாலைப் பொழுதையே தொலைத்தவன் நான்.