5 வாட் ஹேண்டி: கணக்குல 4,000 கி.மீ., நேர்ல 8 கி.மீ.கூட எட்டலையே?

புதுஹாம்_சேலம்:
145 மெகாஹெர்ட்ஸ், ஆளுக்கு ஒரு 5 வாட் ஹேண்டி (கையில பிடிச்சுப் பேசற ஹாம் ரேடியோ செட்). 5 வாட்டுக்கு 37 டிபிஎம் (1 மில்லிவாட்டோட ஒப்பிட்ட டெசிபெல் அளவு). ரெண்டு ரப்பர் ஆன்டெனாவுக்கும் சேர்த்து 10 டெசிபெல் கழிச்சேன். ரிசீவர் −121 டிபிஎம் வரை எடுக்கும். ஆக 148 டெசிபெல் இழப்பு தாங்கணும். தரை, தடை எதுவும் இல்லாத வெற்றுவெளிச் சூத்திரத்துல போட்டா 4,000 கி.மீ. தாண்டுது. ஊருக்குள்ள 8 கி.மீ.ல சத்தமே இல்ல. 10 வாட் செட் வாங்கலாமா?

மொட்டைமாடி_ஏரியல்:
வாங்காதீங்க சார். உங்க கூட்டல் கழித்தல் சரி, சூத்திரம்தான் இந்த இடத்துக்கு ஆகாது. தரையில பட்டுத் திரும்புற அலை நேரா வர்ற அலையை அடிச்சிடும். அதனால தூரம் இரட்டிச்சா இழப்பு 6 இல்ல, 12 டெசிபெல் ஏறும்.

தூரம், உயரம் எல்லாம் மீட்டர்ல: இழப்பு = 40 லாக்(தூரம்) − 20 லாக்(உயரம்1) − 20 லாக்(உயரம்2). 8,000 மீட்டர், ரெண்டு பக்கமும் 1.5 மீட்டர்னு போடுங்க. 156 − 7 = 149. உங்க கையில இருக்கிறது 148. கட்டடம் எதையும் சேர்க்காமலே தோத்தாச்சு. நகரத்துக்குள்ள இன்னும் 10–20 டெசிபெல் போகும், அதனால 2–3 கி.மீ.தான் நம்பலாம்.

10 வாட் தர்றது 3 டெசிபெல். தூரம் 1.19 மடங்குதான் கூடும்.

கோஆக்ஸ்_கணக்கு:
உயரத்துக்குச் செலவு பண்ணுங்க. ஒரு முனையை 1.5 மீட்டர்லேர்ந்து 10 மீட்டர் மாடிக்கு ஏத்தினா 16 டெசிபெல். ரப்பரை விட்டுட்டு கிரவுண்ட் பிளேன் (செங்குத்து நடுக்கம்பி, அடியில விரிஞ்ச கம்பிகள் உள்ள ஆன்டெனா) வெச்சா இன்னொரு 6, 7. அதோட நடுக்கம்பி 49 செ.மீ., கீழ்க்கம்பி நாலும் அதைவிடச் சற்று நீளமா 45 டிகிரி சாய்வுல. ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர் ஓட்டினா 3 டெசிபெல் அதிலேயே போயிடும், பாதி பவர். அதைவிடத் தடிமனான ஆர்ஜி-213 போட்டா ஒன்றரைக்குள்ள முடியும். கனெக்டர்ல மழைத்தண்ணி இறங்கினா கேபிளோட உலோகப் பின்னல் கறுத்து, இழப்பு மாசாமாசம் ஏறும். செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் (தன்மேலேயே ஒட்டிக்கிற ரப்பர் டேப்) கண்டிப்பா சுத்துங்க.

மலைமேடு:
முதல்ல தொடுவானம், அதாவது பூமி வளைவு மறைக்காம ரேடியோ அலை போற தூரம் பாருங்க (உயரம் மீட்டர்ல): 4.12 × (√உயரம்1 + √உயரம்2) கி.மீ. கை ஹேண்டி ரெண்டுக்கு 10 தான். 1,500 மீட்டர் ஏற்காட்டு உச்சியிலேர்ந்து சமவெளிக்கு 160 தாண்டும், நடுவுல மேடு மறைக்காம இருந்தா. அங்க இழப்பு உங்க வெற்றுவெளிக் கணக்குக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வரும். கூகுள் எர்த்ல ரெண்டு புள்ளிக்கும் கோடு போட்டு உயர வெட்டுமுகத்தைப் பாருங்க.

ரிசீவரோட −121ங்கிறது வெளி இரைச்சல் இல்லாத சோதனை மேசையில எடுத்த அளவு. மானிட்டர் பட்டனை (இரைச்சலை அடக்காம அப்படியே கேட்க விடற பட்டன்) அழுத்திக்கிட்டு, எதிர்முனை அனுப்பறப்பவே வீட்டு எல்ஈடி பல்பு, சார்ஜர் ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க. எதை அணைச்சதும் குரல் தெளியுதோ, இரைச்சல் அதுலேர்ந்துதான் வருது.