ஒரே ஆர்டர், மூன்று கணக்கு: இஆர்பி வாங்கினால் தீருமா?

நூல்கண்டு:
திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஐடி பார்க்கிறேன், ஐடி என்றால் நானும் இன்னொரு பையனும்தான். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர்களுக்கு எக்செல், துணிப் பிரிவுக்கு யாரோ எழுதிக் கொடுத்த தனி சாஃப்ட்வேர், அக்கவுன்ட்ஸில் டேலி. ஒரே ஆர்டரை ஒருவர் ஸ்டைல் நம்பர் போட்டுத் தேடுவார், அடுத்தவர் லாட் நம்பர், மூன்றாமவர் பில் நம்பர். போன மாதம் சாயப்பட்டறைக்கு 1000 கிலோ துணி போய் 940 கிலோ திரும்பியது. அனுப்பியதைத் துணிப் பிரிவு எழுதியிருக்கிறது, வந்ததைக் கட்டிங் எழுதியிருக்கிறது, நடுவில் போன 60 கிலோ யார் கணக்கிலும் இல்லை. துணி பற்றாமல் கட்டிங் நின்ற பிறகுதான் விஷயமே தெரிந்தது. முதலாளி கூட்டி வந்த கன்சல்டன்ட் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் (கம்பெனியின் வேலை, தகவல், சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிடுவது), அதற்கான டோகாஃப் என்ற வழிமுறை என்று எண்பது ஸ்லைடு ஓட்டிவிட்டுப் போனார். எங்கள் அளவுக்கு இதெல்லாம் வேண்டுமா, பேசாமல் எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே சாஃப்ட்வேராக ஒரு இஆர்பி வாங்கிப் போட்டுவிடலாமா?

பழைய கோடர்:
வாங்குங்கள், அந்த 60 கிலோ அதற்குள்ளும் காணாமல் போகும். 1968-லேயே மெல்வின் கான்வே என்ற புரோகிராமர் ஒரு கட்டுரையில் சொன்னதுதான்: ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அது கட்டுகிற சிஸ்டமும் அதே வடிவத்தில்தான் வந்து நிற்கும். (அந்தக் கட்டுரையை ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ திருப்பி அனுப்ப, டேட்டாமேஷன் இதழ்தான் வெளியிட்டது.) உங்கள் துணிப் பிரிவும் கட்டிங்கும் டிசி (சரக்கோடு போகிற டெலிவரி சலான்) தாளில் மட்டும்தான் பேசிக்கொள்கின்றன என்று நினைக்கிறேன், சரியா?

கோட்டோவியம்:
டோகாஃபை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம் சார். 1995-ல் வந்த அதன் முதல் பதிப்பு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டஃபிம் என்ற ஆர்க்கிடெக்சர் வழிமுறையை வைத்து எழுதியது, அதாவது அவ்வளவு பெரிய உடம்புக்குத் தைத்த சட்டை, உங்களுக்கு வெட்டித்தான் போட வேண்டும். எண்பது ஸ்லைடில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு சார்ட் பேப்பர் அளவுதான். இடப் பக்கம் வேலைகளை எழுதுங்கள்: நூல் வாங்குவது, நிட்டிங், சாயம், கட்டிங், பேக்கிங். பிரிவுகளின் பெயரை எழுதாதீர்கள், பிரிவு நாளைக்கே மாறும், வேலை மாறாது. எதிரே அந்த வேலையில் பிறக்கிற தகவல், அதற்குப் பொறுப்பு யார், அது இப்போது எந்த சாஃப்ட்வேரில் கிடக்கிறது. பொறுப்புக் கட்டம் காலியாக இருக்கிற இடத்தில்தான் உங்கள் பணம் ஒழுகுகிறது. அப்புறம், ஆர்டர் உறுதியான அன்றே மெர்ச்சன்டைசர் ஒரு எண் கொடுக்கட்டும், டிசியில் இருந்து பில் வரைக்கும் அது இல்லாமல் எந்தத் தாளும் நகரக் கூடாது. இஆர்பி எல்லாம் அதற்குப் பிறகு.

நூல்கண்டு:
நேற்று சார்ட் ஒட்டினேன். சாயப்பட்டறையில் குறைகிற எடைக்கு யார் பொறுப்பு என்று கேட்டதுதான், அரை மணி நேரம் சண்டை. கடைசியில் துணிப் பிரிவு ஏற்றுக்கொண்டது, ஆனால் சாயப்பட்டறையில் இருந்து துணி வந்ததுமே கட்டிங் எடை போட்டுச் சொல்ல வேண்டுமாம். பார்த்தால் கட்டிங்கில் தராசே இல்லை, இத்தனை நாள் சாயப்பட்டறை டிசியில் இருந்த எடையைத்தான் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் அந்த 940-ம் உண்மையா என்று தெரியவில்லை. தராசுக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன்.