புதுப்பிப்பு: எஃப்-1 (அமெரிக்க மாணவர் விசா) இன்டர்ன்ஷிப்பில் பிடித்த 7.65% திரும்ப வந்தது

அமெரிக்காவில் சிபிடி (படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி) இன்டர்ன்ஷிப் முடித்து பெங்களூரு திரும்பிய தங்கையின் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதிய வரி) 6.2%, மெடிகேர் (முதியோர் மருத்துவ வரி) 1.45% பிடித்தது சரியா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது "முதல்ல கம்பெனியையே கேளுங்க" என்ற யோசனைதான்.

எஃப்-1-ல் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது என்று எழுதி, ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு), சிபிடி பக்கத்தோடு ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் சான்று) நகல் அனுப்பியதும் பேரோலில் பணத்தைத் திருப்பி, டபிள்யூ-2சி (திருத்திய சம்பள, வரிப் பிடித்த அறிக்கை) கொடுத்தார்கள். அதில் 4, 6-ஆம் கட்டங்கள் பூஜ்யமா என்று பாருங்கள். கம்பெனி மறுத்தால் மட்டுமே வரித்துறையிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும் படிவம் 843-ம் 8316-ம். அதையும் 1040-என்ஆரோடு (வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவம்) சேர்க்காமல் தனியாக அனுப்பணும்.

எதிர்பாராதது: இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வருமானத்தில் வரி இல்லாமல் கழிக்கும் நிலையான தொகை) உண்டு, 2024-க்கு 14,600 டாலர். பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இது இல்லை, அதனால் அவர்கள் பேச்சைக் கேட்டு 1040-என்ஆரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அமெரிக்க பேங்க் கணக்கையும் ரீஃபண்ட் வரும்வரை மூட வேண்டாம். டாலர் செக்கை இங்கே மாற்றுவது பெரும்பாடு.