புதுப்பிப்பு: கத்தரி வெள்ளை ஈ எந்த வகை? விடை கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கத்தரி இலையில் எடுத்த வெள்ளை ஈ (பெமிசியா டபாசி) எந்த மறைவினம் (தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தும் மரபணுவில் வேறான இனம்) என்று நுண்ணோக்கியிலேயே சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது. அடையாளமாகப் பார்க்கும் கூட்டுப்புழு ஓட்டின் மயிர்களே இலையின் சுணையைப் பொறுத்து மாறுகின்றன.

கைகொடுத்தது, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள, இனம் காண உதவும் சிஓ1 மரபணுவைப் படிக்கச் சொன்ன யோசனை. 95% எத்தனாலில் வைத்த பூச்சிகள். சி1-ஜே-2195, எல்2-என்-3014 பிரைமர்கள் (வேண்டிய மரபணுத் துண்டைப் பெருக்கத் தொடக்கமாகும் குட்டி டிஎன்ஏ இழைகள்). ஒப்பிட 657 காரங்கள் (டிஎன்ஏவின் ‘எழுத்துகள்’) நீளமுள்ள துண்டு. விடை: ‘ஆசியா 1’ என்ற மறைவினம்.

எதிர்பாராதது: சில இளம்பூச்சிகளில் ஒட்டுண்ணிக் குளவியின் டிஎன்ஏ வரிசை வந்தது. உள்ளே குளவிப்புழு இருந்தால் இந்தப் பிரைமர்கள் அதையும் பெருக்கிவிடும். வளர்ந்த ஈக்களையே, குழாய்க்கு ஒன்றாக, எடுங்கள்.

இரண்டு ஈக்களின் சிஓ1 வரிசைகளுக்கு இடையே வேறுபாடு 3.5%ஐத் தாண்டினால் தனி இனம் என்பது வழக்கம்; 4% வேண்டும் என்பாரும் உண்டு. சிஓ1 ஒன்றை மட்டும் வைத்து இனம் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால் அறிக்கையில் ‘பெமிசியா டபாசி, ஆசியா 1’ என்றே எழுதியிருக்கிறேன்.