கார்பன் வரி மாதிரியில் ஜிடிபி தாறுமாறாக விழுகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
ஆய்வுக்காகத் தென்னாப்பிரிக்காவின் கார்பன் வரியை (கரியமில வாயு உமிழ்வுக்கான வரி) சிஜிஇ மாதிரியில், அதாவது எல்லாத் துறைகளையும் சந்தைகளையும் சேர்த்துச் சமன்படுத்தும் பொருளாதாரக் கணினி மாதிரியில், போட்டுப் பார்க்கிறேன். 2019 ஜூன் 1 முதல் டன் உமிழ்வுக்கு 120 ரேண்ட் (அந்நாட்டு நாணயம்) என்று வந்த வரி. காம்ஸ் என்ற மென்பொருளில் தீர்வு கிடைக்கிறது, எல்லாச் சந்தைகளும் சமன்படுகின்றனவா என்று பார்க்கும் வால்ரஸ் சோதனையும் பூஜ்யம். ஆனால் ஜிடிபி 2 சதவீதத்துக்கு மேல் சரிகிறது. நிலக்கரி, கச்சா எண்ணெய், பெட்ரோலியப் பொருள், எரிவாயு நான்கையும் எந்தத் துறை வாங்கினாலும் உமிழ்வுக் கெழுவால் (ஓர் அலகு எரிபொருளுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற எண்) பெருக்கி வரி போட்டிருக்கிறேன். இரண்டு வாரமாக மண்டை காய்கிறது.

பதில் 1:
வால்ரஸ் பூஜ்யம் என்றால் கணக்கு சமன்படுகிறது, அவ்வளவுதான். தப்பான வரியும் சமன்படும். 120ஐ முழுசாகப் போட்டீர்களா? 2019இல் அடிப்படை விலக்கே 60 சதவீதம், மற்ற சலுகைகள் சேர்ந்தால் 95 வரை போனது. ஆக அப்போது நிஜத்தில் டன்னுக்கு 6 முதல் 48 ரேண்ட்தான். ஒரு சோதனை: லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு. 2019இல் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 7 சென்ட் (100 சென்ட் ஒரு ரேண்ட்) கார்பன் வரி வசூலித்தார்கள், அதாவது டன்னுக்கு ஏறக்குறைய 30 ரேண்ட். உங்கள் மாதிரியில் எவ்வளவு வருகிறது?

கேட்டவர்:
ஆமாம் சார், 120தான். அப்படியானால் 27, 28 சென்ட் வர வேண்டும். ஆனால் மாதிரியில் 50ஐத் தாண்டுகிறது!

பதில் 2:
அப்போ இரட்டை எண்ணிக்கை. சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி அங்கே எரிவதில்லை, பெட்ரோலாகவும் டீசலாகவும் மாறுகிறது. நீங்கள் ஆலை வாசலில் ஒரு முறை, பெட்ரோல் பங்கில் ஒரு முறை வரி போடுகிறீர்கள். நானும் என் முதல் மாதிரியில் இதே குழியில் விழுந்தவன்தான். தென்னாப்பிரிக்காவில் இன்னொரு சிக்கல்: செகுண்டா என்ற ஊரில் சாசோல் நிறுவனம் நிலக்கரியிலிருந்தே எரிபொருள் எடுக்கிறது. அந்தக் கார்பனில் ஒரு பங்கு ஆலையிலேயே வெளியேறும், மீதி வண்டியில் எரியும். அங்கே பூஜ்யம் போட்டாலும் தப்பு, முழுசாகப் போட்டாலும் தப்பு. தனிக் கெழு வேண்டும்.

பதில் 1:
அப்புறம் மின்சாரம். வரியின் முதல் கட்டத்தில் மின்கட்டணம் ஏறக் கூடாது என்று, மின் நிறுவனம் ஏற்கெனவே கட்டிவந்த மின் உற்பத்தித் தீர்வையைக் கார்பன் வரியில் கழித்துக்கொள்ள விட்டார்கள். வரிப்பணம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். அரசு சேமிப்பில் விழுந்தால் ஒரு விடை, வேறு வரியைக் குறைத்தால் வேறு விடை.

கேட்டவர்:
கச்சா எண்ணெய்க் கெழுவை எடுத்ததும் பெட்ரோல் 28க்கு வந்தது. விலக்குகளையும் போட்டேன், 7! ஜிடிபி சரிவு அரை சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. செகுண்டாவும் மின் தீர்வையும் பாக்கி, ராத்திரி ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்.